ஊசலிலிருந்து தொடங்குவோம்: பழைய சுவர் மணிக்கூடுகளை அறிந்து சேகரிக்க ஓர் ஆரம்ப விளக்கம்

பழைய சுவர் மணிக்கூடு ஒன்றை வாங்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் பெட்டியைத்தான் முதலில் பார்க்கிறார்கள். மரத்தின் மினுக்கமும், உச்சியில் பாயும் குதிரை உருவமும், தூண்களின் கடைசலும் கண்ணைக் கவர்வது இயல்பே. ஆனால் அந்த மணிக்கூடு எவ்வளவு தரமானது, தன் சொந்தப் பாகங்களோடு இருக்கிறதா, ஓடாமல் நிற்பது எதனால் என்ற கேள்விகளுக்கு விடை சொல்லக்கூடியது பெட்டியன்று, கண்ணாடிக்குப் பின்னால் தொங்கும் ஊசலே. ஊசல் என்ன வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொண்ட ஒருவர், மணிக்கூட்டின் மற்றப் பாகங்களையும் தாமாகவே விளங்கிக்கொள்வார். வாங்கும்போது ஏமாறுவதும் குறையும்.

இலங்கையின் மலையகத்தில் இத்தகைய மணிக்கூடுகள் இன்றும் கண்ணில் படுவதற்குக் காரணம் உண்டு. 1867இல் கண்டியை அடைந்த ரயில் பாதை, 1885இல் நானுஓயாவுக்கும் 1894இல் பண்டாரவளைக்கும் 1924இல் பதுளைக்கும் நீண்டது; கோப்பி அழிந்த சரிவுகளில் தேயிலை பரவியதும் இந்தக் காலப்பகுதியில்தான். ரயில் நிலையம், தபாலகம், துரையின் பங்களா, தோட்ட அலுவலகம், கொழுந்து வாட்டுவதற்கும் நொதிக்க விடுவதற்கும் நேரம் கணக்கிட வேண்டிய தேயிலைத் தொழிற்சாலை என்று பல இடங்களில் சுவர் மணிக்கூடு தேவைப்பட்டது. வேலைக்கு ஆட்களைக் கணக்கெடுக்கும் விடிகாலைப் பிரட்டுக்கு நேரத்துக்கு வந்தவரா, பிந்தியவரா என்பதைத் தோட்டத்து நேரமே தீர்மானித்த காலம் அது. ஆகவே இவற்றைப் பங்களா வாழ்வின் அலங்காரச் சின்னங்களாக மட்டும் பார்க்க என்னால் முடிவதில்லை. நம் பாட்டன் பாட்டிமாரின் நாட்கூலியோடும் இவற்றின் முட்களுக்குத் தொடர்பு இருந்தது.

ஊசல் செய்யும் வேலை

தொங்கவிடப்பட்ட ஒரு பாரம் இடமும் வலமும் ஆடும்போது, அது ஒரு முறை ஆடி முடிக்க எடுக்கும் நேரம் ஏறத்தாழ மாறாமல் இருக்கும் என்பதை 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிலியோ ஆராய்ந்தார். அந்த இயல்பைப் பயன்படுத்தி 1656இல் முதல் ஊசல் மணிக்கூட்டை வடிவமைத்தவர் ஒல்லாந்து அறிஞரான கிறிஸ்தியான் ஹைகன்ஸ். அதற்கு முன்பிருந்த மணிக்கூடுகள் நாளொன்றுக்குக் கால் மணித்தியாலம் வரை பிசகியது சாதாரணம். ஊசல் வந்தபின் அந்தப் பிசகு சில செக்கன்களாகச் சுருங்கியது.

ஆட்டத்தின் நேரத்தைத் தீர்மானிப்பவை இரண்டு: ஊசலின் நீளம், அந்த இடத்தின் புவியீர்ப்பு. ஊசல் தண்டின் அடியில் உள்ள குண்டின் எடை இதில் சேராது. பாரமான குண்டைப் போட்டால் மணிக்கூடு வேகமாக ஓடும் என்பது பலரிடம் உள்ள தவறான எண்ணம். நீளம் கூடினால் ஆட்டம் மெதுவாகும், குறைந்தால் வேகமாகும். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக ஒரு செக்கன் எடுக்கும் ஊசலின் நீளம் ஏறத்தாழ 99 சென்ரிமீற்றர். அரைச் செக்கன் எடுக்கும் ஊசலுக்கு அதில் பாதி நீளம் வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். உண்மையில் கால் பங்கு, அதாவது 25 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவான நீளமே போதும். நேரம் பாதியாக நீளம் நான்கில் ஒன்றாக வேண்டும் என்பதே விதி. நிலத்தில் நிற்கும் உயர்ந்த மணிக்கூடுகளில் ஒரு செக்கன் ஊசலும், வீட்டுச் சுவர் மணிக்கூடுகளில் அதைவிடக் குறுகிய ஊசலும் இருப்பதன் காரணம் இதுதான்.

ஊசல் தானாக ஆடிக்கொண்டே இருக்காது. காற்றும் உராய்வும் அதை நிறுத்திவிடும். ஆகவே அதற்கு உந்துதல் கொடுக்கச் சுருண்ட உருக்கு ஸ்பிரிங் அல்லது தொங்கும் எடைக்கல் ஒன்று இருக்கிறது. ஸ்பிரிங்கின் விசை பற்சக்கரங்கள் வழியாக மேலே வந்து, சாய்ந்த பற்களையுடைய கடைசிச் சக்கரத்தை அடைகிறது. அந்தச் சக்கரத்தின் மேல் நங்கூரம் போன்ற உலோகத் துண்டு ஒன்று ஊசலோடு சேர்ந்து அசைகிறது. ஊசல் ஒரு பக்கம் போகும்போது நங்கூரத்தின் ஒரு நுனி ஒரு பல்லை விட்டுவிடுகிறது, மறு நுனி அடுத்த பல்லைப் பிடிக்கிறது. அப்படிப் பிடிக்கும் ஓசைதான் நாம் கேட்கும் டிக், டாக். பல் நழுவும் கணத்தில் நங்கூரத்துக்கு ஒரு சிறு தள்ளல் கிடைக்கிறது. ஊஞ்சலில் இருக்கும் குழந்தையை ஒவ்வொரு முறையும் சரியான தருணத்தில் இலேசாகத் தள்ளுவதைப் போல, அந்தத் தள்ளல் ஊசலை ஓயாமல் வைத்திருக்கிறது. ஸ்பிரிங் உந்துகிறது, ஊசல் அளக்கிறது, இரண்டுக்கும் நடுவே நங்கூரம் நின்று பங்கிடுகிறது. மணிக்கூடு திருத்துபவர்கள் எஸ்கேப்மென்ட் என்று சொல்வது இந்த நடுப் பொறியைத்தான். நங்கூர வடிவம் 1670ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் தோன்றியது. நம் வீடுகளில் காணும் மணிக்கூடுகள் பெரும்பாலும் அதன் வழிவந்தவையே.

முகப்பில் உள்ள சாவித் துவாரங்களை எண்ணிப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரியும். ஒரு துவாரம் என்றால் நேரம் மட்டும். இரண்டு என்றால் நேரமும் மணியடிப்பும். பொதுவாக வலப்பக்கத் துவாரம் நேரத்துக்கும் இடப்பக்கத் துவாரம் மணிக்கும் உரியது. மூன்று என்றால் கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை இசையும் சேர்ந்திருக்கும். எட்டு நாள் ஓடுபவையே அதிகம். அவற்றுக்கு வாரம் ஒரு முறை, குறித்த ஒரு நாளில் சாவி கொடுப்பது வழக்கம். முகப்பின் உரோம இலக்கங்களில் நான்கைக் குறிக்க நான்கு கோடுகள் நிற்பதைக் கண்டு, பிழையான முகப்பு என்று ஐயுற வேண்டாம். மணிக்கூடுகளில் அது நெடுங்கால மரபு.

மலை ஏறினால் மணிக்கூடு பிந்தும்

1672இல் ஷான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர், பாரிஸில் சரிபார்த்த ஊசல் மணிக்கூட்டைத் தென் அமெரிக்காவின் கயேன் நகருக்குக் கொண்டுபோனார். அங்கே அது நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பிந்தியது. மணிக்கூட்டில் பழுது இல்லை. பூமி தன் நடுக்கோட்டருகே சற்றுப் புடைத்திருப்பதாலும் அது சுழல்வதாலும் அங்கே புவியீர்ப்பு சிறிது குறைகிறது. ஆகவே அதே ஊசல் மெதுவாக ஆடுகிறது. நமது தீவும் நடுக்கோட்டுக்கு அருகில்தான் இருக்கிறது. தென் ஜேர்மனியின் கறுப்புக் காட்டில் சரியாக ஓடிய மணிக்கூடு, வேறெதுவும் மாறாமல் இலங்கைக்கு வந்து மாட்டப்பட்டால், நாளொன்றுக்கு இரண்டு நிமிடமளவில் பிந்தும்.

மலையகத்தில் இன்னுமொரு காரணமும் சேர்கிறது. கடல் மட்டத்திலிருந்து உயரே போகப் போகவும் புவியீர்ப்பு குறைகிறது. கொழும்பில் சரியாக ஓடிய மணிக்கூட்டை ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் மாட்டினால், உயரத்தினால் மட்டும் நாளொன்றுக்கு 15 முதல் 25 செக்கன் வரை பிந்தும். இதற்கு எதிர்த்திசையில் குளிர் வேலை செய்கிறது. கொழும்பைவிடப் பத்துப் பன்னிரண்டு பாகை குளிர்ந்த காற்றில் ஊசலின் தண்டு சுருங்குவதால், உருக்குத் தண்டானால் நாளொன்றுக்கு ஆறு செக்கன் அளவும், பித்தளைத் தண்டானால் பத்துச் செக்கன் அளவும் மணிக்கூடு முந்தும். மரம் தன் நீளவாக்கில் வெப்பத்துக்கு மிகக் குறைவாகவே விரிந்து சுருங்கும்; நல்ல மணிக்கூடுகள் பலவற்றில் தண்டு மரத்தால் செய்யப்பட்டிருப்பது அதனால்தான். ஒரு சுவரில் தொங்கும் பித்தளைக் குண்டு, தான் இருக்கும் இடத்தின் உயரத்தையும் குளிரையும் தன் ஆட்டத்தில் காட்டிவிடுகிறது என்பது, எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும் எனக்கு வியப்பளிக்கும் உண்மை.

இவை அனைத்தையும் குண்டின் அடியில் உள்ள சிறு திருகைக் கொண்டே சரிசெய்துவிடலாம். குண்டு மேலே ஏறினால் மணிக்கூடு முந்தும், கீழே இறங்கினால் பிந்தும். 25 சென்ரிமீற்றர் ஊசலில் ஒரு மில்லிமீற்றர் மாற்றம் நாளொன்றுக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான வித்தியாசத்தைத் தரும். எனவே திருகை அரைச் சுற்று, கால் சுற்று என்று மட்டும் திருப்பி, ஒரு நாள் முழுதும் ஓடவிட்டுப் பார்த்து, மீண்டும் திருப்புவதே முறை. ஒரே மணித்தியாலத்தில் சரிசெய்துவிட நினைப்பவர்கள் திருகைப் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள்.

வகைகளும் பெயர்களும்

நமது பகுதிகளில் அதிகம் காணப்படுபவை ஜேர்மன் மணிக்கூடுகள். ஷ்ராம்பெர்க் நகரில் 1861இல் தொடங்கிய யுங்ஹான்ஸ் நிறுவனத்தின் நட்சத்திர முத்திரை, அதே நகரின் ஹம்பர்க் அமெரிக்கன் நிறுவனத்தின் குறுக்கிட்ட இரண்டு அம்புகள், 1847இல் சிலேசியாவில் தொழிற்சாலை அமைத்த குஸ்தாவ் பெக்கரின் நங்கூரக் குறி ஆகியவற்றை இயந்திரத்தின் பின்தகட்டில் தேடலாம். தோக்கியோவில் 1892இல் கின்தாரோ ஹத்தோரி தொடங்கிய செய்கோஷா தொழிற்சாலையும் சுவர் மணிக்கூடுகளைச் செய்து ஏற்றுமதி செய்தது. எட்டு மூலை முகப்பும் அதன் கீழ் சிறு கண்ணாடிக் கதவும் கொண்டவை அமெரிக்க வடிவம். செத் தோமஸ், அன்சோனியா ஆகியவை அதற்குப் பேர்போனவை. அன்சோனியாவின் இயந்திரங்கள் 1929இல் சோவியத் ஒன்றியத்துக்கு விற்கப்பட்டன, ஆகவே அந்தப் பெயர் தாங்கிய பழைய மணிக்கூடு அதற்கு முற்பட்டதாகவே இருக்கும். ரயில் நிலையங்களிலும் அலுவலகங்களிலும் மாட்டப்பட்ட, பெரிய வட்ட முகப்பும் மணியடிக்காத இயந்திரமும் கொண்ட ஆங்கிலேய மணிக்கூடுகள் தனி வகை. அவற்றின் உள்ளே கூம்பு வடிவப் பள்ள உருளை ஒன்று, ஸ்பிரிங் தளரத் தளர விசை குறையாமல் ஈடுசெய்கிறது. அவை கிடைப்பது அரிது, விலையும் அதிகம்.

‘ஜேர்மனியில் செய்யப்பட்டது’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தால், மணிக்கூடு பெரும்பாலும் 1887க்குப் பிற்பட்டது. அந்த ஆண்டில் வந்த பிரித்தானியச் சட்டம், வெளிநாட்டுப் பொருள்கள் பிரித்தானியப் பொருள்களாகத் தோன்றி விற்கப்படுவதைத் தடுக்க, உற்பத்தியான நாட்டைக் குறிக்கும் வழக்கத்தைக் கட்டாயமாக்கியது. ஊசல் குண்டில் பெரிதாகக் காணப்படும் ‘ஆர்’, ‘ஏ’ என்ற எழுத்துகளை நிறுவனத்தின் பெயராகச் சொல்லி விற்பவர்கள் உண்டு. பிந்து, முந்து எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. பல நிறுவனங்களின் ஊசல்களில் அதே எழுத்துகள் இருக்கும். அவற்றை வைத்து விலையைக் கூட்டிக் கேட்டால் இணங்க வேண்டியதில்லை.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

முதலில் காதைக் கொடுங்கள். நல்ல நிலையில் உள்ள மணிக்கூட்டின் டிக்கும் டாக்கும் சம இடைவெளியில் கேட்கும். ஒன்று நீண்டு ஒன்று குறுகி நொண்டுவது போல் ஒலித்தால், மணிக்கூடு சாய்ந்து தொங்குகிறது, அல்லது ஊசலைத் தள்ளும் கவைத் தண்டு வளைந்திருக்கிறது. பெட்டியின் அடியைச் சிறிது இடமோ வலமோ நகர்த்தி ஒலி சமமாகிறதா என்று பாருங்கள். சமமானால் அது பழுதன்று. ஓடாத மணிக்கூடு என்று குறைந்த விலைக்கு விற்கப்படுபவற்றில் சில இந்த ஒரு காரணத்தினால் மட்டுமே நிற்பவை.

அடுத்து, டோர்ச் ஒளியில் இயந்திரத்தின் பித்தளைத் தகடுகளைப் பாருங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் அச்சு நுனியும் தகட்டில் உள்ள ஒரு வட்டத் துளையில் சுழல்கிறது. பல்லாண்டு ஓட்டத்தில் உலர்ந்த எண்ணெயும் தூசும் சேர்ந்து அரம் போல அராவி, அந்தத் துளையை முட்டை வடிவமாக்கிவிடும். துளையைச் சுற்றிக் கறுப்பு அல்லது பச்சை நிறக் கசடு படிந்திருப்பது அதன் அடையாளம். சாவியைத் துவாரத்தில் வைத்து, முழுச் சுற்றாகத் திருப்பாமல், இலேசாக முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டே அச்சு நுனிகளைக் கவனித்தால், தேய்ந்த துளையில் அச்சு பக்கவாட்டில் தாவுவது கண்ணுக்குத் தெரியும். ஒன்றிரண்டு துளைகளுக்குப் புதிய பித்தளைக் குழாய் போட்டுத் திருத்துவது வழமையான வேலைதான். பல துளைகள் தேய்ந்திருந்தால் திருத்தக் கூலி மணிக்கூட்டின் விலையை எட்டிவிடும்.

பிறகு, பாகங்கள் ஒன்றுக்கொன்று உரியவையா என்பதைச் சோதிக்க வேண்டும். ஒரு பெட்டியில் வேறொரு மணிக்கூட்டின் இயந்திரத்தைப் பொருத்தியிருந்தால், பின்பலகையில் இப்போது பயன்படாத பழைய திருகுத் துளைகள் எஞ்சியிருக்கும். சாவித் துவாரங்கள் முகப்பின் துளைகளோடு நேராக நிற்காது. சிலுவைப் பள்ளமுள்ள திருகுகள் 1930களுக்குப் பிறகே பரவலாயின. 1890ஐச் சேர்ந்தது என்று சொல்லப்படும் மணிக்கூட்டில் அவை இருந்தால் யாரோ பின்னர் கைவைத்திருக்கிறார்கள் என்பது உறுதி. ஊசல் மாறியிருந்தால் அதன் நீளம் இயந்திரத்தின் பற்கணக்கோடு ஒத்துப்போகாது. திருகை முழுதும் ஏற்றியும் இறக்கியும் நேரம் சரிவராவிட்டால் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். இன்னும் மோசமானது, பழைய இயந்திரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு பற்றரியில் ஓடும் இயந்திரத்தைப் பொருத்தி, ஊசலை அழகுக்கு மட்டும் ஆடவிடுவது. ஊசலைக் கையால் பிடித்து நிறுத்திய பின்னும் முட்கள் நகர்ந்தால், அது அத்தகையது.

மரம் மங்கியிருப்பதையும் முகப்பின் எனாமலில் மயிரிழை வெடிப்புகள் இருப்பதையும் குறையாகக் கருத வேண்டாம். புதிதாக வார்னிஷ் பூசிப் பளபளக்கும் பெட்டியைவிட, மங்கிய ஆனால் முழுமையான பெட்டியையே நான் விரும்பித் தெரிவேன். பெரும்பாலான பழைய பெட்டிகளின் மேற்பூச்சு அரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூசியது. அதை உரசி எடுத்துவிட்டால் மீண்டும் அப்படியே கிடைக்காது.

மலைக் காற்றில் பராமரிப்பு

ஈரம்தான் இங்கே முதல் எதிரி. தென்மேற்குப் பருவத்தில் ஹட்டன், நுவரெலியாப் பக்கமும் வடகீழ்ப் பருவத்தில் பதுளைப் பக்கமும் வாரக்கணக்கில் நிற்கும் மழையும் பனிமூட்டமும் உருக்கு ஸ்பிரிங்கைத் துருப்பிடிக்கச் செய்யும். பெட்டியின் மூட்டுகளையும் மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகட்டையும் பிடித்திருப்பது விலங்குப் பசை; ஈரம் ஏற ஏற அது இளகிவிடும். மழை அடிக்கும் வெளிச்சுவரிலும், விறகடுப்புப் புகை எட்டும் இடத்திலும் மணிக்கூட்டை மாட்டக்கூடாது, உள்சுவரே நல்லது. பிரிந்த மூட்டைத் திருத்தும் தச்சரிடம், பின்னர் மீண்டும் பிரிக்க இயலாத நவீனப் பசைகளைத் தவிர்க்கும்படி சொல்லுங்கள்.

எண்ணெயைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நின்றுபோன மணிக்கூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே உறையும். மலையகத்தில் காலையில் போத்தலுக்குள் அது வெள்ளையாக இறுகி நிற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அச்சுத் துளைக்குள்ளும் அதுவேதான் நடக்கும். பகலில் ஓடி இரவில் நிற்கும் மணிக்கூட்டைக் கண்டால், யாராவது தேங்காய் எண்ணெய் விட்டார்களா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். மண்ணெண்ணெயை ஊற்றிக் கழுவுவதும் தீர்வன்று, அது அழுக்கை இளக்கித் துளைகளுக்குள்ளேயே கொண்டுபோய்ச் சேர்க்கும். மணிக்கூட்டுக்கென்று விற்கும் எண்ணெயை, அச்சுத் துளைகளில் மட்டும், ஊசி நுனியில் எடுக்கும் அளவுக்கு விட வேண்டும். பற்சக்கரங்களின் பற்களுக்கு எண்ணெய் வேண்டியதில்லை. விட்டால் தூசு ஒட்டிப் பற்களை அரித்துவிடும்.

அதிகமாகச் சாவி கொடுத்ததால் நின்றுவிட்டது என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஸ்பிரிங்கை முழுவதும் முறுக்குவதில் தவறில்லை. உலர்ந்த எண்ணெயால் அதன் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதே உண்மைக் காரணம். ஆனால் முறுக்கிய ஸ்பிரிங்கை முறைப்படி தளர்த்தாமல் இயந்திரத்தை ஒருபோதும் கழற்றக்கூடாது. அதில் அடங்கியுள்ள விசை விரலை முறிக்கவும் சக்கரப் பற்களை உடைக்கவும் போதுமானது; அதைப் பழகிய கையிடம் விடுவதே பாதுகாப்பு. மணியடிக்கும் மணிக்கூட்டின் முள்ளைப் பின்னோக்கித் திருப்புவதையும் தவிர்க்க வேண்டும். முன்னோக்கி நகர்த்தி, ஒவ்வொரு மணியும் அடித்து முடியும்வரை காத்திருந்து, அடுத்த மணிக்குப் போகலாம்.

வாங்கிய மணிக்கூட்டை வீட்டுக்குக் கொண்டுவரும்போது ஊசலைக் கழற்றித் தனியாகச் சுற்றி எடுத்துவர வேண்டும். வளைந்து நெளிந்து இறங்கும் நமது பாதைகளில் ஊசல் உள்ளே ஆடினால், அதைத் தாங்கும் தாள் போன்ற மெல்லிய உருக்குத் தகடு முறிந்துவிடும். இயந்திரத்தைக் கழற்றித் துப்புரவாக்கும்போது, தகட்டின் உட்புறத்தில் பழைய திருத்துநர்கள் ஊசியால் கீறிய திகதிகளும் அடையாளங்களும் தென்பட்டால், அவற்றைத் தேய்த்து அழிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எந்த ஊரில், எந்தத் தோட்டத்தில் இருந்த மணிக்கூடு என்பதை விற்பவரிடம் கேட்டு, ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பெட்டிக்குள் வைத்துவிடுவதும் நல்ல பழக்கம்.

முதன்முறை வாங்குபவருக்கு நான் சிபாரிசு செய்வது, இரண்டு சாவித் துவாரங்களும் எட்டு நாள் ஓட்டமும் சொந்த ஊசலும் கொண்ட ஒரு ஜேர்மன் அல்லது ஜப்பானிய மணிக்கூட்டையே. அவற்றுக்குப் பாகங்கள் தேடிப் பிடிக்கலாம், திருத்தத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள், இயந்திர அமைப்பும் பார்த்தவுடன் விளங்கும். மூன்று துவாரமுள்ள இசை மணிக்கூட்டில் பாகங்கள் மிகுதி, ஒன்று பிசகினால் மற்றவையும் நிற்கும். முதல் மணிக்கூட்டை ஓராண்டாவது ஓட்டிப் பழகிய பின்னர் அதன் பக்கம் போகலாம்.